மறதிக்கு ஒரு மணியோசை

 

என் தந்தையாருக்கு வயது 78. அரியலூர்க் கடைவீதியில் நாற்பது ஆண்டுகள் சிறியதொரு ஜவுளிக்கடை நடத்தியவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், பெருமழை வெள்ளத்தால் மருதையாற்றுப் பாலம் நிலைகுலைந்து, தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றுக்குள் கவிழ்ந்ததல்லவா? 140-க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தக் கோர விபத்தையடுத்து, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அப்போது ஒன்பது வயதுச் சிறுவராக இருந்த என் தந்தையார், அந்நாளை நேற்று நடந்ததுபோல் எடுத்துரைப்பார். ஆற்றங்கரைக்குக் கைபிடித்து அழைத்துச் சென்ற பாட்டனார் எந்த நிறத் துண்டு போர்த்தியிருந்தார் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது.

ஆனால், "அத்தா, காலை மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?" என்று கேட்டால், ஒரு கணம் என் முகத்தையே பார்ப்பார். பிறகு, "போட்டேன் என்றுதான் நினைக்கிறேன்" என்பார். அந்த 'நினைக்கிறேன்' என்ற சொல்லில் எத்தனை ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு நாள் காலையில் நாங்கள் அறிந்துகொண்டோம்.

அன்று அவர் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் ஒரு முறையும், நாஷ்டாவுக்கு முன் மறுமுறையும் உட்கொண்டுவிட்டார். பத்து மணிக்குள் உடலெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. நான் மத்ரஸாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகள்தாம் சர்க்கரைத் தண்ணீர் புகட்டி, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தனர். அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "வீட்டில் இவருடைய மருந்தை யார் கவனிக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டாண்டுகளுக்கு முன்புவரை அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அது என் தாயார். எந்த வேளைக்கு எந்த மாத்திரை, யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தது, எந்த வீட்டு நிக்காஹ் எந்தத் தேதியில் என்பதையெல்லாம் அம்மாதான் சொல்வார்கள். அத்தா கேட்பார், அம்மா பதிலளிப்பார்கள். அம்மா மறைந்த பிறகு, "அத்தாவுக்குத் திடீரென்று மறதி வந்துவிட்டது" என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். திடீரென்று வரவில்லை, நேயர்களே! முன்பே வந்திருந்ததை நாங்கள்தாம் காணவில்லை. அவருடைய நினைவின் பாதி அம்மாவிடம் இருந்தது. அம்மாவோடு அதுவும் போயிற்று.

காணப்படாத மறதி

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. முதுமை மறதி நோயைப் பற்றி ஆராய்வதற்கென '10/66' என்றோர் ஆய்வுக்குழு 1998-இல் உருவாயிற்று. அந்நோய் கண்டவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றி நடந்த ஆய்வோ 10 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்பதே அப்பெயரின் பொருள். நம் தமிழகத்தில் சென்னை நகரிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் இக்குழுவின் ஆய்வு நடைபெற்றது. 2008-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. மேலைநாட்டு மருத்துவ அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது, 65 வயதைக் கடந்த நம் கிராமத்துப் பெரியவர்களில் வெறும் 0.3 விழுக்காட்டினருக்கே நோய் இருப்பதாகத் தெரிந்தது. கியூபா நாட்டிலோ அது 6.3 விழுக்காடு!

அப்படியானால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மறதியே இல்லையா? இருக்கிறது. அந்த அளவுகோல், 'அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் திணறுகிறாரா?' என்று வீட்டாரைக் கேட்கிறது. நம் வீடுகளிலோ, பெரியவர் ஒரு வேலையைச் செய்யத் திணறுவதற்கு முன்பே மருமகளோ பேரனோ அதைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறோம். வெவ்வேறு பண்பாடுகளுக்கு ஏற்ப அக்குழு வகுத்த தனி அளவுகோலால் அளந்தபோது, எந்த நாட்டிலும் நோய் 5 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. 2023-இல் வெளியான தேசிய அளவிலான மற்றோர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது.

அன்பின் மிகுதியால் நாம் செய்யும் பணிவிடையே நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது. கூட்டுக்குடும்பம் கலைந்து, பிள்ளைகள் சபர் போய், துணையும் பிரிந்தபின் அந்தத் திரை விலகுகிறது. வெள்ளாற்றங்கரையின் லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளை நான் எண்ணிப் பார்க்கிறேன்.

மூப்பா, நோயா?

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மூப்பு. கண்ணாடி எதற்கென்றே புரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது நோயின் அறிகுறி. தெரிந்தவர் பெயர் நாவில் வராமல் சற்று நேரம் கழித்து வருவது மூப்பு. நாற்பதாண்டு நடந்த தெருவில் வழி தவறுவது நோயின் அறிகுறி.

பழையது நினைவிருக்கப் புதியது மறப்பது ஏன் என்பதையும் அறிந்துகொள்ளலாம். 1881-இலேயே ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர், நினைவு குலையும்போது அண்மையில் கற்றது முதலில் அழிகிறது, நெடுநாள் பதிந்தது இறுதிவரை நிற்கிறது என்று எழுதினார். புதிய செய்திகளை வாங்கிப் பதியவைக்கும் மூளைப்பகுதி ஒன்றுண்டு. கடற்குதிரையின் வடிவை ஒத்திருப்பதால் அதற்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். அல்சைமர் நோய் பெரும்பாலும் அப்பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. அதனால்தான் 1956-ஆம் ஆண்டு ரயில் நினைவில் ஓடுகிறது. இன்று காலை மாத்திரை நழுவிவிடுகிறது.

எனவே, செயலி எதையும் தேடுமுன் மருத்துவரைத் தேடுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும், இவற்றைச் சரிசெய்யலாம். காது கேளாமையும் மறதிபோல் தோற்றமளிக்கும். காதில் விழாத சொல் நினைவில் எப்படி நிற்கும்? அரியலூரில் 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 1978-இல் டாக்டர் வி.எஸ்.நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கிய நாளிலிருந்து, முதுமைக்கென்று ஒரு மருத்துவம் உண்டு என்பதை நம் நாடு அறிந்திருக்கிறது. நாம்தாம் இன்னும் 'வயசாயிடுச்சுல்ல' என்ற இடத்திலேயே நிற்கிறோம்.

கைப்பேசி என்ன செய்யும்?

துபாயிலிருக்கும் என் தம்பி, செய்தி கேட்டவுடன் அத்தாவுக்குப் பெரிய திரையுள்ள கைப்பேசி ஒன்றை அனுப்பிவைத்தான். "இதில் எல்லாம் இருக்கிறது அண்ணே, இனிக் கவலையில்லை" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நினைவே தடுமாறும் மனிதருக்குப் புதிய கருவியொன்றைக் கற்பிக்க இயலுமா?

இயலும் என்று அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மறதியின் தொடக்க நிலையில் இருந்த 52 முதியவர்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 75. ஒரு பிரிவினர் செய்ய வேண்டியவற்றைக் கைப்பேசியில் தம் குரலால் பதிந்து கேட்டுக்கொண்டனர். மறு பிரிவினர் உரிய வேளையில் ஒலித்து நினைவூட்டும் செயலியைப் பயன்படுத்தினர். நான்கு வார முடிவில் இரு பிரிவினரும் அன்றாடக் கடமைகளை முன்னைவிட நன்றாக நினைவில் வைத்துச் செய்தனர். இம்முடிவு 2022-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழில் இடம்பெற்றது. விலையுயர்ந்த தனிச் செயலி எதுவும் அங்கே தேவைப்படவில்லை. அலாரமும் ஒலிப்பதிவும் நம் கைப்பேசிகளிலும் இருப்பவைதாம்.

இதன் உட்பொருள் எளிது. 'எட்டு மணிக்கு மாத்திரை' என்றால், எட்டு மணி ஆகிவிட்டதா என்பதைப் பெரியவர் தாமே விழிப்புடன் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். 'மணி அடித்ததும் மாத்திரை' என்றால் கவனிக்கும் பாரம் குறைகிறது. ஐன்ஸ்டைன், மக்டேனியல் என்ற இரு உளவியலாளர்கள் 1990-இல் நடத்திய சோதனையில், கண்முன் ஓர் அடையாளம் தோன்றியதும் செய்ய வேண்டிய காரியத்தில் முதியோர் இளைஞரைவிடப் பின்தங்கவில்லை. (இவர் நாமறிந்த இயற்பியல் மேதை ஐன்ஸ்டைன் அல்லர்.) நமக்கு இது புதிய செய்தியா? ஐவேளை பாங்கோசையைக் கேட்டு நாளை வகுத்துக்கொண்டவர்கள் அல்லவா நம் பெரியவர்கள்!

நாங்கள் செய்த பிழைகள்

ஆயினும் முதல் மாதம் முழுவதும் தோல்விதான். ஒளிக்காமல் எழுதுகிறேன், பிறர்க்குப் பயன்படட்டும்.

என் மகள் ஒரே நாளில் ஆறு செயலிகளை இறக்கிவைத்தாள். மருந்துக்கு ஒன்று, தண்ணீர் குடிக்க ஒன்று, நடைப்பயிற்சிக்கு ஒன்று, மூளை விளையாட்டுக்கு ஒன்று! எல்லாம் ஆங்கிலத்தில். ஓயாமல் ஒலித்தன, இடையிடையே விளம்பரங்கள் வேறு. அத்தா கைப்பேசியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். "அது என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறது" என்றார்.

பிறகு ஒரே ஒரு செயலியை வைத்தோம். நான்கு நாள் ஒலித்தது. ஐந்தாம் நாள் ஒலிக்கவில்லை. மின்கலத்தைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு அச்செயலியைத் தானாகவே உறங்கவைத்துவிட்டது என்பது பின்னர்தான் தெரிந்தது. அதைச் சரிசெய்த பின், மணி அடித்ததும் அத்தா விரலால் அதை நிறுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கலானார். மணியை நிறுத்துவதே செய்ய வேண்டிய வேலை என்று அவர் பழகிக்கொண்டார்!

மனனப் பாடம் தந்த வழி

அப்போதுதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. ஹிஃப்ளு வகுப்பில் ஒரு பிள்ளை இன்று மனனம் செய்த பாடத்தை நாளை ஒப்பிக்கும். அண்மைப் பாடங்களைத் தினமும் ஓதிக்காட்டும். பழைய பாடங்களை முறைவைத்துத் திரும்ப ஓதும். இடைவெளி சிறிது சிறிதாகக் கூடும், பாடம் உறுதிப்படும். மறதியுள்ள முதியோருக்குக் கற்பிக்கவும் மருத்துவ உலகம் இதை ஒத்த முறையையே கையாள்கிறது. ஒரு கேள்வியைக் கேட்டு விடை சொல்லவைத்து, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். தவறினால் கடிந்துகொள்ளாமல் விடையைச் சொல்லிக்கொடுத்து, முந்திய இடைவெளிக்குத் திரும்புகிறார்கள்.

நானும் அவ்வாறே அத்தாவின் அருகில் அமர்ந்தேன். "மணி அடித்தால் என்ன செய்வீர்கள்?" "டப்பாவைத் திறப்பேன்." கொஞ்சம் ஊர்க்கதை. மீண்டும் அதே கேள்வி. ஏழு அறைகள் கொண்ட மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் வாரத்துக்கு நிரப்பிவைத்தோம். அன்றைய அறை காலியாக இருந்தால் மாத்திரை போட்டாயிற்று. 'நினைக்கிறேன்' என்ற பேச்சுக்கே இடமில்லை. மணியோசைக்குப் பதிலாக, என் மகளின் குரலைப் பதிந்து அலாரத்தில் வைத்தோம். "தாதா, சாப்பிட்டாச்சா? டப்பாவைத் திறங்க." அந்தக் குரலை அவர் அவசரப்பட்டு நிறுத்துவதில்லை, முழுவதும் கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று பதில் சொல்கிறார். மூன்று வாரங்களில் பழகிவிட்டார்.

வாசகர்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கற்பியுங்கள். மருந்து பழகிய பின்னரே மற்றவை. கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். 2017 முதல் கூகுளில் தமிழில் பேசினாலே எழுத்தாகும் வசதி உண்டு. தட்டச்சுத் தெரியாதது தடையன்று.

இரண்டாவதாக, அழைப்புப் பட்டியலில் பெயரோடு முகப்படத்தையும் வையுங்கள். பெயர் மறந்தாலும் முகம் தெரியும். நான்கு பேர் போதும்.

மூன்றாவதாக, தனியே வெளியே செல்பவராயின், வாட்ஸ்அப்பில் இருக்குமிடத்தைத் தொடர்ந்து காட்டும் வசதியைப் பயன்படுத்தலாம். அதிக அளவாக எட்டு மணி நேரம் காட்டும். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தந்தையை வேவு பார்ப்பது பாதுகாப்பு ஆகாது.

நான்காவதாக, ரமலான் வருமுன் மருத்துவரைக் கலந்து, நோன்பு நோற்கலாமா என்பதையும், நோற்கலாமெனில் சஹர், இஃப்தார் வேளைக்கான மருந்தளவையும் எழுதி வாங்கி, அதற்கேற்ப அலாரங்களை மாற்றுங்கள். சர்க்கரை மாத்திரையின் நேரத்தை நாமாக மாற்றிக்கொள்வது உயிரோடு விளையாடுவதாகும்.

ஐந்தாவதாக, கொடுக்கல் வாங்கலைப் பெரியவர் தம் குரலிலேயே பதிந்துவைக்கட்டும். நீங்கள் ஏட்டிலும் எழுதிவையுங்கள். கடனை எழுதிவைக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமன்று. எழுதிவைப்பது நினைவாற்றலுக்கு இழுக்கு என்று எவரும் சொன்னதில்லை.

ஆறாவதாக, எல்லாவற்றையும் கைப்பேசி ஒன்றிலேயே அடைத்துவிடாதீர்கள். 2022-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 158 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், முக்கியமானவற்றைக் கருவியில் குறித்துக்கொண்டவர்கள் குறிக்காத மற்றவற்றையும் நன்றாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால் கருவியைப் பறித்ததும், அதில் குறித்துவைத்த முக்கியமானவைதாம் நினைவில் இல்லாமற்போயின! ஆகவே மருந்துப் பட்டியலும் பிள்ளைகளின் எண்களும் ஒரு தாளில் எழுதப்பட்டுச் சுவரில் இருக்கட்டும்.

எச்சரிக்கை இரண்டு

மூளை விளையாட்டுச் செயலிகள் மறதி நோயைத் தடுக்கும் என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அவ்வாறு விளம்பரம் செய்த லுமாசிட்டி நிறுவனம், போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016-இல் 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. பொழுதுபோக்காக ஆடலாம்; மருந்தாக எண்ண வேண்டாம். 2024-இல் லான்செட் மருத்துவக் குழு, மறதி நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களை எடுத்துரைத்து, அவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடித்தல், காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை ஆகியன அப்பட்டியலில் உள்ளவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

இரண்டாவது எச்சரிக்கை, கைப்பேசி வழியாக வரும் திருடர்களைப் பற்றியது. மறதியுள்ளவர் கையில் இருக்கும் கைப்பேசியில் வங்கிச் செயலி வேண்டவே வேண்டாம். ரகசிய எண்ணைக் கேட்டு எவன் அழைத்தாலும் துண்டிக்கப் பழக்குங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

குரலுக்குப் பின்னால்

சென்ற வாரம் வீட்டில் மின்சாரம் இல்லை, கைப்பேசியும் அணைந்துவிட்டது. மதியம் நான் பதறியடித்து ஓடிவந்து பார்த்தால், டப்பாவின் அன்றைய அறை காலியாக இருந்தது. "மணி அடிக்கவில்லையே அத்தா, எப்படிப் போட்டீர்கள்?" என்றேன். "பிள்ளை குரல் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வராததால் நானே போட்டுக்கொண்டேன்" என்றார்.

நோய் நீங்கிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அது மெல்லக் கூடத்தான் செய்யும். ஒருநாள் இந்தக் குரலும் பயன்படாமற்போகலாம். அப்போது கைப்பேசி அவருக்கு அன்று, அவரைப் பேணும் நமக்கே துணையாக இருக்கும். ஆனால் இன்று அவர் தம் மருந்தைத் தாமே எடுத்து உட்கொள்கிறார். ஒரு மனிதர் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் காலத்தை ஓர் ஆண்டு நீட்டிக்கொடுத்தாலும் அது பெரிய காரியமல்லவா?

முதுமையடைந்த பெற்றோரை எப்படி நடத்த வேண்டும் என்று நம் மார்க்கம் சொல்வதை நான் இங்கே எடுத்துரைக்கத் தேவையில்லை, நீங்கள் அறிவீர்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகில் அரை மணி நேரம் அமருங்கள். அவர் உண்ணும் மாத்திரைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, எதை எப்போது உண்கிறார் என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் காணொளி அழைப்பில் கேளுங்கள். "நினைக்கிறேன்" என்று பதில் வந்தால், உங்கள் குரல் அந்த வீட்டில் ஒலிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.